இத்தா வீட்டில் ஒரு நாய்க்குட்டி

கணவர் மவுத்தாகி அடக்கம் முடிந்த அன்று பின்னேரமே என்னை நடு அறையில் இருத்திவிட்டார்கள். நாலு மாசமும் பத்து நாளும் இத்தா. கணவனை இழந்த பெண் அந்தக் காலம் முடியும்வரை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, பிற ஆண்களின் முன்னால் வரக் கூடாது, பூவும் பொட்டும் எங்களுக்கு இல்லை என்றாலும் நல்ல சேலை, அத்தர், பவுண் ஒன்றும் கூடாது. அரசாங்கமே இதற்கு லீவு தருகிறது. நான் கணக்கு டீச்சர். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓ.எல். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. என்னுடைய வகுப்பை யாருடைய தலையில் கட்டியிருப்பார்கள் என்றுதான் முதல் கிழமை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இப்படிச் சொன்னால் கல் நெஞ்சுக்காரி என்பார்கள். என்ன செய்வது, வந்த யோசனை அதுதான்.

வீடு கல்முனையில், மெயின் ரோட்டிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில். நான் பிறந்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. உம்மா என்னுடைய கலியாணத்துக்கு அதை எனக்குத் தந்தார், நான் என் ஒரே மகளின் கலியாணத்துக்கு அவளுடைய பெயரில் எழுதினேன். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார், பெற்றவர்கள் பின்பக்கம் ஒரு அறையை இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். எங்கள் மருமகனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்து மகளையும் கூட்டிப் போனதால் நாங்கள் ஒதுங்கத் தேவைப்படவில்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தில் மகளின் பெயர், குசினியில் நான். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை.

மகள் மய்யித்தின் முகம் பார்க்க வந்து சேரவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தாள், ஒரு கிழமை நின்று அழுதாள், தன் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று திரும்பிப் போனாள். போன பிறகு வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு நாளும் பேசுவாள். ஒரு நாள் சுற்றி வளைத்துச் சொன்னாள்.

"உம்மா, இத்தா முடியிற நேரம் நான் வாறன். வந்து உங்கள நிந்தவூர் மாமாட வீட்டுல விடுறன். அங்க ஒரு அறை சும்மாதானே கெடக்கு. நம்மட வீட்ட டியூசன் கிளாஸ் நடத்துற ஒராள் வாடகைக்குக் கேக்கார். தனிய எப்படி இரிப்பீங்க, சொல்லுங்க?"

நிந்தவூர் மாமா என்றால் என் தம்பி. தம்பியின் வீடு என்று சொல்வது வாயால்தான். அது தம்பி பெண்சாதியின் வீடு, அவருடைய உம்மா கொடுத்தது. நல்ல மனுசி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றுவதென்றாலும் சீனிப் போத்தல் எங்கே என்று கேட்டுத்தான் ஊற்ற வேண்டும். நான் ஐம்பத்து நாலு வயதில், சம்பளம் எடுத்துக்கொண்டு, இன்னொருத்தியின் வீட்டில் சீனிப் போத்தல் கேட்டு வாழ வேண்டுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. பயமும் வந்தது. மகளிடம் இரண்டையும் காட்டவில்லை. இத்தா முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றேன்.

துணைக்கு என்று என் கணவரின் மூத்த சகோதரி சம்மாந்துறையிலிருந்து உடுப்புப் பையோடு வந்து நின்றார். மதினி என்று கூப்பிடுவேன். அவரும் பல வருசத்துக்கு முன்னரே கணவனை இழந்தவர், இத்தாவின் சட்டதிட்டம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு அதே வீட்டின் பின்னறையில் காலம் தள்ளுகிறார். "வீட்டக் குடுத்த நாளையிலிரிந்து, கோழியத் துரத்துறதெண்டாலும் மருமகன்ட முகத்தப் பாத்துட்டுத்தான் துரத்துறன்" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் இல்லை. வீட்டில் ஆண் இல்லை என்று ஊருக்கே தெரியும், கள்ளனுக்குத் தெரியாமல் இருக்குமா? மதினி உடனே மகளுக்குச் சொல்லிவிட்டார். "மோட்டரோட போச்சு. உங்களுக்கு ஏதும் நடந்திரிந்தா நான் என்ன செய்வன்?" என்று மகள் போனில் அழுதாள். அந்தக் கள்ளன் மோட்டரை மட்டும் கொண்டு போகவில்லை, என் பேச்சுக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பெறுமதியையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அப்போதுதான் எனக்கு நாய் யோசனை வந்தது.

எங்கள் ஆட்கள் வீட்டில் நாய் வளர்ப்பது குறைவு. நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். வயல் காவலுக்கு, மாட்டுக் காவலுக்கு என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சாகாமம் ஊர்ப் பக்கம் வயல் வாடிகளில் எங்கள் ஆட்களின் நாய்கள் படுத்துக்கிடப்பதைப் பார்க்கலாம். ஊருக்குள் வீட்டு வாசலில் ஒரு நாய் நின்றால்தான் நாலு பேர் கதைப்பார்கள். கதைக்கட்டும் என்று நினைத்தேன். காவலுக்கு ஒன்று இருந்தால், உம்மா தனிய இருக்கிறா என்று மகளும் சொல்ல ஏலாது.

எனக்குப் பிரஷர் இருக்கிறது. குளிசைகளை மாசாமாசம் அவர்தான் வாங்கி வருவார். அவர் போன பிறகு பாமசியில் வேலை செய்யும் பெண்ணொருத்தி வீட்டுக்குப் போகிற வழியில் கொண்டுவந்து தந்தாள். தமிழ்ப் பிள்ளை, பக்கத்து மீன்பிடி ஊர், தகப்பன் தோணிக்காரர். கடற்கரையில் ஆட்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற நாய்க்குட்டிகளை எடுத்து, மருந்து போட்டு, பேஸ்புக்கில் படம் போட்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பாள். அது அவளுடைய பைத்தியம் என்று அவளே சொல்வாள். நான் அவளிடம் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றேன். பெரிய நாயாகப் பார்த்துக் கொண்டு வா என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அவள் கொண்டுவந்தது ஒரு தேங்காய் அளவு. கபில நிறம், தொங்கின காது, பிஸ்கட் பெட்டிக்குள் ஒரு பழைய துவாயில் சுருண்டு கிடந்தது. கவிழ்த்துப் போட்ட தோணிக்குக் கீழே கிடந்து கத்தியதாம், கூடப் பிறந்ததுகள் செத்துவிட்டனவாம்.

"நாய் கேட்டா எலியக் கொண்டு வந்திரிக்காய்" என்றேன்.

"வளரும் டீச்சர். இப்ப வயித்துக்குப் போட்டாச் சரி. நான் மறுகா வந்து விவரமாச் சொல்றன், பஸ் போகுது" என்று பெட்டியைக் குசினிப் பக்கத்து வளவில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். மதினி பக்கத்தில் போகவில்லை, நாலு முழம் தள்ளி நின்று குனிந்து பார்த்தார். குட்டி பெட்டியிலிருந்து விழுந்து எழும்பி, முன்னங்காலைத் தூக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு நின்றது. வயிற்றின் கீழே ஒரு புடைப்பு தெரிந்தது. மதினி நிமிர்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"புள்ள, உள்ளுக்குப் போ. இது ஆண்."

கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை. இத்தா இருக்கிற வீட்டில் ஆண் வாடையே கூடாது என்று சொல்கிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று, பார்க்க வந்த பிள்ளைத்தாய்ச்சியை வாசலோடு திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அது எனக்கும் தெரியும், ஓதிப் படித்தவர்களுக்கும் தெரியும். பின்னேரம் துஆ ஓத வந்த பெண்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் குசினி வாசலுக்குப் போய், தள்ளி நின்றே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஆண்தான், சந்தேகமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாய்க்குக் கிட்டப் போக யாருக்கும் மனமில்லை, ஆனால் சாட்சி சொல்ல எல்லாருக்கும் மனமிருந்தது. வளவுக்குள் எங்கள் சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது, அதைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. முப்பது வருசம் பிள்ளைகளுக்கு நிறுவிக் காட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான். வேறு காலமாக இருந்தால் அங்கேயே நின்று வழக்குப் பேசியிருப்பேன். அந்த நாட்களில் யாருடனும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

நாயைத் திருப்பிக் கொடுக்க மட்டும் நான் சம்மதிக்கவில்லை. கடைசியில், இத்தா முடியும்வரை அது விறகுக் கொட்டிலில் இருக்கட்டும், நான் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவானது. மதினி சோறும் மீன் தலையும் சிரட்டையில் போட்டு, தும்புத்தடியால் தள்ளித் தள்ளிக் கொட்டிலுக்குள் அனுப்புவார். தடி திரும்பி வந்ததும் அதைக் கழுவுவார்.

அப்படியாக, என் காவல் நாயை நான் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் அறையின் பின் யன்னலை அடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம்தான் கொட்டில். குட்டி குரைக்கவே இல்லை, முனகும். சிரட்டை உருளுகிற சத்தம் கேட்கும், பிறகு நக்குகிற சத்தம், பிறகு மணலைக் கிண்டுகிற சத்தம். மழை பெய்தால் அது கதவு மாதிரிக் கிரீச்சிடும். நான் யன்னலோடு இருந்து, வாயை மூடு, மழை விட்டுவிடும், விடிந்துவிடும் என்று ஏதாவது சொல்வேன். என் சத்தம் கேட்டால் அடங்கிவிடும். ஆண் என்று சொன்னதால் ஆண் பிள்ளையோடு பேசுவதுபோல், டேய் என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். இத்தாவில் இருக்கிற பெண் அடைத்த யன்னலோடு டேய் டேய் என்று கதைப்பதை ஒழுங்கையில் போன யாராவது கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

அடுத்த முறை குளிசை கொண்டு வந்த பாமசிப் பிள்ளை, குட்டி எங்கே டீச்சர் என்றாள். மதினி விசயத்தைச் சொன்னார். அவள் ஒன்றும் விளங்காமல் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், குட்டியை அள்ளிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அதை மல்லாக்கப் பிடித்தாள்.

"மாமி, இது பொட்டக் குட்டி. வடிவாப் பாருங்க."

"அப்ப அது என்ன?" என்று மதினி தள்ளி நின்றபடியே புடைப்பைக் காட்டினார்.

"இது தொப்புள். தொப்புள்ள ஓட்டை அடைபடாமக் கொஞ்சம் கொழுப்பு வெளிய வந்திரிக்கி. அண்டைக்கே சொல்ல நினைச்சன், பஸ்ஸுக்கு ஓடினதுல விட்டுட்டன்." விரலால் மெல்ல அமத்தினாள். புடைப்பு உள்ளே போனது. விரலை எடுத்ததும் சின்னதொரு நெல்லிக்காய்போல் திரும்ப வந்தது.

மதினி சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்தார். பிறகு, "நாங்க எங்க கிட்டப் போய்ப் பாத்த" என்று மெதுவாகச் சொன்னார். பாமசிப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. நானும் சிரித்துவிட்டேன். அவர் மவுத்தான பிறகு நான் சிரித்தது அதுதான் முதல். சிரித்தவுடன் குற்றமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு தொப்புளுக்குப் பயந்து ஒரு பெட்டைக் குட்டியைக் கொட்டிலில் அடைத்திருந்தோம்.

அடுத்த நாள் அவளே குட்டியை மாட்டு டொக்டரிடம் கொண்டு போய்க் காட்டினாள். பெரிய வருத்தம் இல்லை என்றாராம். வளர வளர ஓட்டை தானாக மூடினாலும் மூடும், மூடாவிட்டால் பிறகு ஒரு சின்ன ஒப்பரேசன் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் விரலால் அமத்திப் பார்க்க வேண்டும். உள்ளே போனால் பயமில்லை. கல்லுமாதிரி இறுகிப் போய் உள்ளே போகாவிட்டால், குடல் சிக்கியிருக்கும், சுணங்காமல் கொண்டுவர வேண்டும்.

ஒவ்வொரு நாளும் அமத்துவது யார்? பாமசிப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் வர ஏலாது. மதினி இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். கேட்டது நான், காவல் எனக்கு, ஆகவே நான்தான். காய்ந்த கையால் காய்ந்த நாயைத் தொட்டால் கழுவத் தேவையில்லை, ஈரம் பட்டால்தான் என்பது எங்களுடைய சட்டம். இது நாய்க்குத் தெரியாதே. தொடப் போனால் முதலில் அது கையை நக்கும். நான் முதலில் கையில் ஒரு சொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு தொட்டேன். பேக்கின் சரசரப்பைக் கேட்டுக் குட்டி விளையாட்டு என்று நினைத்துக் கடித்து இழுத்தது. பிறகு பேக்கை விட்டுவிட்டேன். குசினிப் படியில் ஒரு பேசினில் தண்ணீரும் பக்கத்தில் ஒரு ரின்னில் மண்ணும் வைத்துக்கொண்டேன். அமத்துவதற்கு ஒரு நிமிசம், கழுவுவதற்குப் பத்து நிமிசம். எனக்கு அப்போது நேரத்துக்கா பஞ்சம்.

அந்த வயிறு நல்ல சூடாக இருக்கும். விரலின் கீழே அதன் மூச்சு ஏறி இறங்கும். பார்க்க வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு இருப்பேன். இந்தக் குட்டி என்னிடமிருந்து ஒரு ஆறுதலும் எதிர்பார்க்கவில்லை. மல்லாக்கப் படுத்துக்கொண்டு, அமத்தி முடிந்தால் சோறு வரும் என்று காத்துக்கிடக்கும். எனக்கு அதில் விருப்பம் வந்துவிட்டது. காவல் என்பதெல்லாம் பிறகு ஒரு சாட்டுக்குத்தான். காலையில் எழும்பியதும் இன்றைக்குக் குட்டியின் வயிற்றைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பில் எழும்பினேன். அதுவரைக்கும் எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியாமல் கட்டிலில் இருப்பேன்.

மகளுக்கு வீடியோவில் காட்டினேன். "இதா உங்கட காவல் நாய்? இது குரைக்குமா?" என்றாள். குரைக்கும் என்று பொய் சொன்னேன். "மாமாட வீட்டுக்கு இதக் கொண்டு போக ஏலாதே உம்மா. மாமி விட மாட்டா" என்றாள். நான் போனை மதினியின் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போனேன்.

இத்தா முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் குட்டியின் வயிற்றில் கை வைத்தேன். புடைப்பு இறுகிக் கிடந்தது. அமத்தினேன், உள்ளே போகவில்லை. இன்னும் கொஞ்சம் அமத்தினேன், குட்டி கத்தியது. வயிறு முழுவதும் மேளம்போல் விம்மியிருந்தது. பாமசிப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன், மட்டக்களப்பில் நிற்கிறேன் டீச்சர், சுணங்க வேண்டாம், கொண்டு போங்க என்றாள்.

அந்த நேரத்திலும் என்னுடைய கணக்கு மூளை வேலை செய்தது. ஜும்ஆ நேரம். ஊரில் உள்ள ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமன் இருக்காது. முகத்தையும் மூடிக்கொண்டு போனால் யார் பார்க்கப் போகிறார்கள்? மாட்டு டொக்டர் ஒரு ஆண் என்பதை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அபாயாவைப் போட்டுக்கொண்டு, குட்டியைப் பிஸ்கட் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

மதினி வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்க போறாய்?"

"இது செத்துப் போகும் மதினி."

"இது என்ட தம்பிட இத்தா. அவனுக்கெண்டு நீ செய்யக் கெடக்கிற கடைசிக் காரியம் இதுதான். இத்தினை நாள் இரிந்துட்டு இப்ப ஒரு நாய்க்காக முறிக்கப் போறியா? நான் உட மாட்டன்."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். என் கணவரைக் கொண்டு போன அன்றும் நான் வாசலுக்கு உள்ளேதான் நின்றேன், இன்றைக்கும் உள்ளேயே நிற்கச் சொல்கிறார்கள் என்று நெஞ்சு கொதித்தது.

மதினி நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தார். நான் வாசலில் நின்று அவர் ஒழுங்கை மூலை திரும்பும்வரை பார்த்தேன்.

பின்னேரம்தான் திரும்பி வந்தார். பெட்டி இல்லை, குட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பெட்டியின் அடி கிழிந்துவிட்டதாம். சேலை முழுக்க எச்சில். நேரே கிணற்றடிக்குப் போய், மண் கரைத்து, ஒண்டு, ரெண்டு என்று எனக்குக் கேட்கும்படி எண்ணிக் கழுவினார். ஏழும் முடித்துச் சேலையும் மாற்றிக்கொண்டு வந்து இருந்த பிறகுதான் கதை வந்தது.

"மெயின் ரோட்டுல தமிழ் ஆள் ஒருத்தன்ட ஓட்டோதான் நிண்டிச்சு. பெட்டிக்குள்ள என்ன ராத்தா எண்டு கேட்டான். நாய் எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இரிந்திச்சு. கோழி எண்டன். கோழி எண்டு நான் வாய மூட முந்தி இது உள்ளுக்கிரிந்து குரைக்கிது. குரைக்காத நாய் இண்டைக்குப் பாத்துக் குரைக்கிது."

"டொக்டர் என்ன சொன்னார்?"

மதினி வெற்றிலையை எடுத்து நரம்பு கிழிக்கத் தொடங்கினார். "குடல் ஒண்டும் சிக்கல்லயாம். வயிறு முட்டினதுல உந்திக்கி நிண்டதாம். அமத்தி உள்ளுக்கு உட்டுட்டார். சாப்பாட்டக் குறைக்கட்டாம்."

நான் ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் சோறு வைத்தேன். மதினியைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடிய ஒரு புடி, பகல் லுஹருக்குப் பொறகு ஒரு புடி, பின்னேரம் அசருக்குக் கொஞ்சம் எறச்சிக் கழிவு. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்குதே, நான் என்ன செய்ய" என்றார்.

மகள் வந்தாள். இத்தா முடிந்தது. தலை முழுகி, வேறு சேலை உடுத்து, சொந்தக்காரர் கூடி ஓதி, சாப்பாடு கொடுத்து எல்லாரும் போன பிறகு வீட்டில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம். மதினி உள்ளே தொழுதுகொண்டிருந்தார். மகள் முன் மண்டபத்தில் பாயில் இருந்தாள், அவளுடைய மகள் மடியில் நித்திரை. குட்டி வெளியே படியில் படுத்திருந்தது.

"நாளைக்கு மாமா வான் கொண்டு வாறார் உம்மா. கொஞ்சம் உடுப்ப மட்டும் எடுத்து வைங்க. நாய அந்தப் பாமசிப் புள்ளைட்ட குடுப்பம், அவ வேற ஆள் பாத்துக் குடுப்பா."

நான் இதற்கு என்ன சொல்வது என்று நாட்கணக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சொல்ல வந்தபோது அவை ஒன்றும் வாயில் வரவில்லை.

"வீட்ட வாடகைக்குக் குடுக்கிறதெண்டா எனக்குத் தா" என்றேன்.

"என்ன கதை உம்மா இது?"

"அந்த டியூசன்காரர் தாற வாடகைய நான் தாறன். எனக்குச் சம்பளம் வருது. சும்மா இரிந்தா நான் உன்ட வீட்டுல ஒட்டியிரிக்கிற ஆள், நீ நினைச்ச நேரம் தூக்கி எங்கயும் வைப்பாய். வாடகை தந்தா நான் குடியிரிக்கிற ஆள். குடியிரிக்கிற ஆளத் தூக்கி மாமாட வீட்டுல வைக்க ஏலாது."

"ஒரு நாய்க்காகவா இவ்வளவும்?"

"நாய் ஒரு சாட்டு. எனக்கு இந்த வீட்ட உட்டுப் போக ஏலா புள்ள. வாப்பாவும் போயிட்டார், நீயும் தூரத்துல. எனக்கு வேற ஒண்டும் வேணாம். நான் வைச்ச இடத்துல என்ட சீனிப் போத்தல் இரிக்கணும்."

அவள் மடியில் கிடந்த மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"முதல் மாச வாடகைய எப்ப தருவீங்க?" என்றாள்.

"சம்பளம் வந்த உடன."

"நாய் வளக்கிறதெண்டா வீட்டுக்காரிட்டக் கேக்கணும். தெரியுமா?" சிரிக்கத்தான் பார்த்தாள், குரல் உடைந்துவிட்டது.

"கேக்கிறன்" என்றேன். நான் பிறந்த வீட்டில், நான் பெற்ற பிள்ளையிடம், ஒரு நாய் வளர்க்கலாமா என்று கேட்டேன். பகிடிக்கு என்றுதான் தொடங்கினேன். கேட்டு முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய மய்யித்தைத் தூக்கிய அன்றும் நான் அப்படி அழவில்லை.

மகள் தன் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். "ஓம் உம்மா. வளத்துக்குங்க" என்றாள். வாடகை வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடுத்த நாள் தம்பியின் வானில் ஏறி நிந்தவூருக்குப் போயிருப்பேன்.